மலைநாட்டு வாலிபரும் ஜீவனமும்

இமயமலையின் மடியிலே பிறந்த ஒரு வாலிபன், தன் கிராமத்தை விட்டு நீங்காமலே மரியாதையாக ஜீவனம் செய்ய முடியுமா, முடியாதா? கேட்பதற்குச் சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் உத்தராகண்ட ராஜ்யத்தின் எதிர்காலம் முழுவதும் இதற்குக் கிடைக்கும் விடையையே பொறுத்திருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். 2000-ஆம் வருஷம் நவம்பர் 9-ந் தேதி அந்த ராஜ்யம் தனியாக அமைந்தபோது, மலை ஜனங்களுக்கு மலையிலேயே பிழைப்பு உண்டாகும் என்று சொல்லாத தலைவரில்லை. அதன் பின் பதினொரு வருஷங்கள் சென்று 2011-ல் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். ராஜ்யத்தின் மொத்த ஜனத்தொகை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. ஆனால் பௌரி, அல்மோரா என்னும் இரண்டு மலை ஜில்லாக்களில் மட்டும், பத்து வருஷங்களுக்கு முன் இருந்ததைவிட ஜனங்கள் குறைந்து போயிருந்தார்கள். பௌரியில் 6,97,078 பேராக இருந்தவர்கள் 6,87,271 பேராகிவிட்டார்கள். கொள்ளை நோயோ பஞ்சமோ வந்து மாண்டவர்கள் அல்லர் இவர்கள். பஸ் ஏறிப் போனவர்கள்.

இந்த வெளியேற்றத்தை ஆராய்வதற்கென்றே சர்க்கார் 2017-ல் ஒரு கமிஷனை நியமித்தது. 2018-ல் வெளியான அதன் அறிக்கையைப் படிப்பவர் மனம் கலங்காமலிருக்க முடியாது. 2011-க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் அடியோடு ஆளற்றுப் போயின. பத்து வருஷங்களில் 3,83,000 பேருக்கு மேல் ஊரை விட்டுப் போய், அவ்வப்போது வந்து போகிறவர்களானார்கள். 1,18,000 பேருக்கு மேல் திரும்பியே வராதபடி குடிபெயர்ந்து விட்டார்கள். போனவர்களில் பாதிப்பேர் சொன்ன காரணம் ஒன்றுதான்: ஊரில் வேலையில்லை. படிப்புக்காகப் போனவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர். வைத்திய வசதி இல்லாமையால் போனவர்கள் சுமார் ஒன்பது பேர். வயதைப் பார்த்தால், நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேர் 26 முதல் 35 வயதுக்குட்பட்டவர்கள். அதாவது ஏர் பிடிக்கவும், பள்ளியில் கற்பிக்கவும், பஞ்சாயத்தில் எழுந்து நின்று பேசவும் வேண்டிய வயதினர்.

தமிழ்நாட்டுப் பத்திரிகைக்குக் கர்வால் மலையைப் பற்றி என்ன விசாரம் என்று சிலர் கேட்கக்கூடும். கங்கையில் முழுக ஆசைப்படுகிற நமக்கு, கங்கை பிறக்கிற ஊரில் அடுப்பு எரிகிறதா என்று விசாரிக்கும் கடமையும் உண்டு. நிற்க.

மலையிலே ஜீவனம் செய்வது எப்படி என்பதை மலைநாட்டார் நம்மிடம் வந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கர்வாலில் பாரானாஜா என்று ஒரு சாகுபடி முறை பூர்வீகமாக இருந்து வருகிறது. பன்னிரண்டு தானியம் என்பது அச்சொல்லின் பொருள். மழையை நம்பிய படிக்கட்டு வயலில் கேழ்வரகு, தண்டுக்கீரை விதை, உளுந்து, கொள்ளு, காராமணி, ராஜ்மா அவரை, கறுப்பு சோயா முதலியவற்றை ஒன்றாகக் கலந்து விதைப்பார்கள். கொடி படர்வது தண்டைப் பற்றிக்கொள்ளும். பயறு வகைகள் மண்ணுக்கு உரமூட்டும். ஒவ்வொன்றும் தன் தன் காலத்தில் முற்றி அறுவடைக்கு வரும். மழை பொய்த்தால் ஒன்று போகும், மற்றொன்று நிற்கும். இம்முறையை மூடத்தனம் என்று சொல்லி, வயல் முழுவதும் சோயா ஒன்றையே விதைக்கும்படி விவசாய அதிகாரிகள் உபதேசித்த காலமும் உண்டு. அதை ஏற்க மறுத்துத் தெஹ்ரி ஜில்லாவில் விஜய் ஜர்தாரி முதலிய விவசாயிகள் 1980-களில் விதைப் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கினார்கள். இன்றும் பழைய விதைகள் அங்கே உயிரோடிருப்பதற்கு அவர்களே காரணம்.

வயலில் பன்னிரண்டு தானியம் விதைத்தவர்கள் வாழ்க்கையிலும் அவ்விதமே செய்தார்கள். திபெத்து எல்லையிலுள்ள ஜோஹார் பள்ளத்தாக்கின் ஜனங்களைப் பாருங்கள். கோடையில் கணவாய் கடந்து தானியமும் துணியும் வெல்லமும் கொண்டு போய், உப்பும் கம்பளி மயிரும் வெங்காரமும் கொண்டு வருவார்கள். பனிக்காலத்தில் கீழே இறங்கி அவற்றை விற்பார்கள். வீட்டுப் பெண்கள் ஓயாமல் நூற்று நெய்வார்கள். மேலூரில் கொஞ்சம் நிலமும் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கின் மிலம் கிராமத்தில் பிறந்தவர்தான் நைன் சிங் ராவத். வியாபாரக் குலத்தில் பிறந்து, கிராமப் பள்ளி உபாத்தியாயராக இருந்து, பின்னர் நில அளவைத் தொழில் பயின்றவர். அந்நியர் நுழையக்கூடாத திபெத்துக்குள் யாத்திரிகர் வேஷத்தில் புகுந்து, அடிகளை எண்ணி எண்ணியே தூரத்தை அளந்து, 1866 ஜனவரியில் லாசா நகரம் சேர்ந்தார். அவர் கையிலிருந்த ஜபமாலையில் 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால் கணக்குப் பிசகாதல்லவா? 1877-ல் லண்டன் பூகோள சங்கத்தார் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தார்கள். வியாபாரி, வாத்தியார், அளவையாளர் என்று மூன்று தொழில்களையும் ஒரே மனிதர் சுமந்தார். மலை அப்படிப்பட்டவர்களைத்தான் உண்டாக்கும். ஒரே உத்தியோகம், ஒரே சம்பளம், ஒரே நாற்காலி என்பது சமவெளியின் ஏற்பாடு.

இப்பல தொழில் வாழ்க்கை தானாக அழியவில்லை. அதன் இழைகள் ஒவ்வொன்றாக அறுக்கப்பட்டன. 1911 முதல் 1917 வரை குமாவோன் காடுகளைப் பிரிட்டிஷ் சர்க்கார் ரிசர்வ் காடுகளாக எடுத்துக்கொண்டது. தழையும் விறகும் மேய்ச்சலும் அனுமதிச் சீட்டுக்கு உட்பட்டன. 1931-ல் வனப் பஞ்சாயத்து விதிகளின் மூலம் ஒரு பகுதி திரும்பக் கிடைத்ததென்றால், அது ஜனங்கள் போராடிப் பெற்றதேயன்றித் தானமாக வந்ததன்று. 1962-ல் சீன யுத்தம் மூண்டு கணவாய்கள் அடைபட்டன; திபெத்து வியாபாரம் ஒரே வருஷத்தில் மாண்டது; மிலம் பாழூராயிற்று. எஞ்சியது எது? பட்டாளமும் மணியார்டரும். 1887-ல் கர்வால் ரைபிள்ஸ் படை அமைந்த நாளிலிருந்து, வீட்டுக்கொரு பிள்ளை சிப்பாயாகி மாதந்தோறும் பணம் அனுப்புவதே மலைநாட்டின் பொருளாதாரமாகி விட்டது. பிறகு சிப்பாயின் பக்கத்தில் டில்லி ஹோட்டல் ஊழியனும் காவல்காரனும் வந்து சேர்ந்தார்கள். பன்னிரண்டு தானியம் விளைந்த இடத்தில் ஒன்றே விளையலாயிற்று. அதுவும் வேற்றூரில் விளைந்தது.

இங்கே 1921-ஆம் வருஷத்தை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அக்காலத்தில் குமாவோனில் கூலி பேகார் என்று ஒரு கொடுமை இருந்தது. வெள்ளைக்கார அதிகாரி முகாம் போனால், அவருடைய மூட்டை முடிச்சுகளைக் கிராமத்தார் முறை வைத்துச் சுமக்க வேண்டும். யார் முறை என்று காட்ட ஊர்த் தலைவரிடம் ஒரு புஸ்தகம் இருக்கும். அவ்வருஷம் ஜனவரியில், மகர சங்கராந்தியன்று நடக்கும் உத்தராயணித் திருவிழாவில், பாகேஸ்வரத்தில் பதினாயிரக்கணக்கானோர் கூடி, பத்ரி தத் பாண்டே முதலிய தலைவர்களின் முன்னிலையில், அந்தப் புஸ்தகங்களைச் சரயு நதியில் எறிந்து விட்டார்கள். பேகார் அன்றோடு ஒழிந்தது. சுமை தூக்குவது இழிவு என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மலையில் சுமக்காதவர் யார்? எந்தச் சுமையை எப்பொழுது யாருக்காகச் சுமப்பது என்று தீர்மானிக்கும் உரிமை தங்களுடையது என்றே சொன்னார்கள்.

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். 2020-ல் கொரோனா நோய் பரவி நகரங்கள் அடைபட்ட மாதங்களில், மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் உத்தராகண்டத்துக்குத் திரும்பி வந்தார்கள். பல வருஷங்களாகப் பூட்டிக் கிடந்த வீடுகளில் புகை எழுந்தது. அவர்களில் சிலர் கையில் கம்ப்யூட்டர் இருந்தது. கணக்கெழுதுவது, மொழிபெயர்ப்பது, கட்டடப் படம் வரைவது, பாடம் சொல்லிக் கொடுப்பது, கம்ப்யூட்டருக்குரிய நிரல்களை இயற்றுவது ஆகியவற்றுக்கு நகரத்து மேஜை அவசியமில்லை, கம்பி ஒன்று இருந்தால் போதும் என்பது அப்பொழுது கண்கூடாக விளங்கிற்று. ஆயினும் நகரங்கள் திறந்ததும் வந்தவர்களில் பலர் மீண்டும் கீழே இறங்கினார்கள். அவர்களுக்கு ஊர்ப்பற்றுக் குறைவு என்று குறை கூறுவது எளிது. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். ஊர்ப்பற்றை வைத்துக்கொண்டு மருந்து வாங்க முடியாது.

இவர்கள் இறங்கிப் போகும்போதே எதிர்த்திசையில் ஏறி வருகிற ஒரு கூட்டமும் உண்டு. டில்லியிலும் குர்காவிலும் பெருஞ்சம்பளம் வாங்குவோர், மலைச்சரிவில் ஒரு வீடு கட்டிக்கொண்டு, பனிச்சிகரத்தைப் பின்னணியாக வைத்துத் தம் கம்ப்யூட்டரைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். அவர்களிடம் நமக்கு விரோதமில்லை. மலைக்காற்று யாருக்கும் நல்லதே. ஆனால் அதை மலைக்கிராம வாழ்க்கை என்று அவர்கள் அழைப்பதுதான் நமக்கு நகைப்பைத் தருகிறது. அவர்கள் வருவதால் கிராமத்தானுக்குக் கிடைப்பது பெரும்பாலும் காவல் வேலை. தன் தகப்பன் விற்ற நிலத்துக்கே காவலாளாவதைவிடக் கொடிய விதி வேறென்ன? 2018-ல் நில உச்சவரம்பைத் தளர்த்தியதன் விளைவைக் கண்டு ஜனங்கள் பல வருஷங்கள் கிளர்ச்சி செய்த பின், 2025 பிப்ரவரியில் ராஜ்ய சட்டசபை ஒரு திருத்தச் சட்டம் நிறைவேற்றிற்று. ஹரித்துவார், உத்தம்சிங் நகர் ஆகிய இரண்டும் நீங்கலாக மற்றப் பதினொரு ஜில்லாக்களில் வெளி ராஜ்யத்தார் விவசாய நிலமும் தோட்ட நிலமும் வாங்குவதை அது தடுக்கிறது. காலங்கடந்து வந்ததானாலும் வரவேற்கத்தக்கதே. ஆனால் நிலம் கைமாறாமல் தடுப்பது வேறு. நிலத்துக்குரியவன் அதில் நிற்கும்படி செய்வது வேறு.

இப்பொழுது புதிதாக வழங்கும் ஒரு வார்த்தையைச் சற்று ஆராய்வோம். வளைந்து கொடுக்கும் தொழில் என்கிறார்கள். நேரம் வளையும், இடம் வளையும், முதலாளியும் மாறலாம் என்று புகழ்கிறார்கள். மிகவும் சரி. ஆனால் வளைவது யார்? நள்ளிரவில் எஜமானன் அழைத்தவுடன் எழுந்து உட்கார வேண்டும். வேலை இல்லாத மாதம் கூலியில்லை. நோய்க்கு லீவு இல்லை. முதுமைக்கு பென்ஷன் இல்லை என்றால், வளைந்தது தொழில் அன்று, தொழிலாளியின் முதுகெலும்பு. புஸ்தகத்துக்குப் பதில் கம்பி வந்த பேகார் அது. ஆகவே மலைக்கிராமத்து வாலிபனுக்கு நாம் சொல்வது, ஊரிலே இருந்துகொண்டு ஒரு தூரத்துக் கம்பெனிக்கு முழு ஆளாகி விடு என்பதன்று. கம்பி வேலை அவனுடைய பன்னிரண்டு தானியத்தில் ஒரு தானியமாக இருக்கட்டும். சொந்த வீடும், அரை வயிற்றுக்காவது சோறு போடும் வயலும், கைவசம் வேறு இரண்டு தொழிலும் உள்ளவன்தான் அநியாயக் கூலி பேசுகிறவனிடம் முடியாது என்று சொல்லக்கூடும். நகரத்தில் வாடகை அறையில் இருப்பவனுக்கு அந்தத் தைரியம் வருவது கடினம். மாதம் பிறந்தால் வாடகைக்காரன் கதவைத் தட்டுவான்.

இது வெறும் கற்பனையா என்றால், மலையின் வருஷக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். ஆறாயிரம் அடி உயரத்திலுள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். மாசி, பங்குனியில் புராஞ்சு என்னும் செந்நிற மலர் காடெங்கும் பூக்கும். நமது நீலகிரியிலும் அதன் இனம் உண்டு. அதைப் பிழிந்து பானகம் காய்ச்சி விற்கிறார்கள். சித்திரை பிறந்தால் பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரை தொடங்கும். சமவெளியில் வெயில் ஏற ஏற மலைக்கு விருந்தினர் வருவர். வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்துத் தன் சமையலையே பரிமாறும் குடும்பத்துக்கு இரண்டு மூன்று மாதம் நல்ல வரும்படி. அப்பொழுதே பாதாமி, பீச்சு, பிளம் பழங்கள் பழுக்கின்றன. ஆனி கடந்து பெருமழை பிடித்ததும் விருந்தினர் நின்று விடுவார்கள். வயலில் களை எடுப்பது தவிரப் பணம் தரும் வேலை குறைவு. ஆவணி, புரட்டாசியில் உயர்ந்த சரிவுகளில் ஆப்பிள். ஐப்பசியில் கேழ்வரகும் அவரையும். மார்கழி, தையில் மால்டா ஆரஞ்சும் நீண்ட இரவுகளும். விருந்தினர் இல்லாத மழைக்காலத்திலும், வயல் தூங்கும் பனிக்காலத்திலும் கம்பி வேலை வந்து இடைவெளியை நிரப்பினால், ஒரு குடும்பம் வருஷம் முழுவதும் தலைநிமிர்ந்து நிற்கலாம். ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் பிழைப்புக்குப் போதாது என்பது உண்மையே. கூட்டிப் பார்க்க வேண்டும். குரங்கும் காட்டுப் பன்றியும் வயலில் பாதியைக் கொண்டு போகும் என்பதையும் அந்தக் கணக்கில் கழித்தே சொல்கிறோம்.

இதில் அபாயமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நண்பர்களின் வேலையன்று. மழைக்காலத்தில்தான் கம்பி வேலை வேண்டும். மழைக்காலத்தில்தான் மலை சரிந்து கம்பி அறும். ஆதலால் ஒரே கம்பியை நம்புகிறவன் ஒரே தானியம் விதைத்தவனுக்குச் சமானம். ஒரு கம்பெனியின் கம்பியும் மற்றொரு கம்பெனியின் செல்போன் கோபுரமும் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் ஒரு நாளாவது தாங்கும் பாட்டரி வேண்டும். வாக்களித்த வேலையைக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே முடிக்கிற வழக்கம் எல்லாவற்றினும் மேலாக வேண்டும். தனி ஆளாக நிற்பதைவிட, நாலைந்து ஊர் வாலிபர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து வேலையை ஒப்புக்கொள்வது மேல். ஒருவன் ஊரில் கம்பி அறுந்தால் மற்றவன் முடித்துக் கொடுப்பான். ஒருத்தி பிரசவத்துக்கு ஓய்ந்தால் வாடிக்கை போய்விடாது. கூலி பேசும்போதும் ஒருவர் குரலைவிட ஐவர் குரல் கனமானது. வேலையை வாங்கிக்கொண்டு பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் வியாபாரிகளுக்கும் மருந்து இருக்கிறது. சிறு தொழில் செய்வோருக்கு 45 நாளைக்குள் பணம் தீர்க்க வேண்டுமென்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. தனி ஒருவராகத் தொழில் நடத்துபவரும் உத்யம் என்னும் பதிவைச் செய்துகொண்டால் அந்தப் பாதுகாப்பைக் கோரலாம். தெரியாமலே பலர் இழக்கிறார்கள். பிரசாரகர்கள் கிராமங்களுக்குச் செல்லும்போது இச்சட்டத்தை ஹிந்தியில் அச்சிட்ட துண்டுப் பிரசுரம் ஒன்றையும் கூடவே எடுத்துச் செல்வார்களானால், பல மணி நேரப் பிரசங்கத்தைவிட அதிகப் பயன் விளையும்.

வேற்று நாட்டு அனுபவம் ஒன்றையும் இங்கே எடுத்துக்காட்டலாம். ஜப்பானில் ஷிகோகு தீவின் டொகுஷிமா பிரதேசத்தில் காமியாமா என்று ஒரு மலையூர் உண்டு. 1955-ல் இருபதினாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த அவ்வூரில் இப்பொழுது ஐயாயிரம் பேர் அளவிலேயே இருக்கிறார்கள். டொகுஷிமா அதிகாரிகள் மலைக் கிராமங்களுக்கும் முன்கூட்டியே அதிவேகக் கண்ணாடி இழைக் கம்பி போட்டு வைத்தார்கள். 2010-ல் டோக்கியோ கம்பெனி ஒன்று அங்கே பழைய குடியானவர் வீட்டில் ஒரு கிளை அலுவலகம் திறந்தது. வேறு சிலவும் பின்தொடர்ந்தன. 2011-ல் ஊரை விட்டுப் போனவர்களைவிட ஊருக்குள் வந்தவர்கள் அதிகமானார்கள். நமக்கு விசேஷமாகத் தோன்றுவது ஒன்றுண்டு. வருகிறவர் வரட்டும் என்று அவ்வூரார் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. எங்களுக்கு ரொட்டி சுடுகிறவர் வேண்டும், சித்திரம் வரைகிறவர் வேண்டும் என்று தொழிலைக் குறிப்பிட்டு, அத்தொழிலுள்ளவருக்கே காலி வீட்டைக் காட்டினார்கள். 2023 ஏப்ரலில் அங்கே ஐந்து வருஷப் படிப்புள்ள தொழிற் கல்லூரி ஒன்றும் திறக்கப்பட்டது. ஜனத்தொகை குறைவது இன்னும் நின்றபாடில்லை. முதியவர்கள் மிகுந்த ஊர் அது. கம்பி வந்ததும் அற்புதம் நிகழ்ந்து விடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கம்பி முதலில் வந்தது, ஆட்கள் பின்னால் வந்தார்கள் என்ற கிரமத்தை நம்மவர் கவனிக்க வேண்டும். இங்கே தலைகீழ். போதிய ஆட்கள் இல்லையே, கம்பி எதற்கு என்று கேட்கிறார்கள்.

இதுவரை வாலிபன் என்றே எழுதி வந்தோம். மலைக்கிராமத்தைத் தாங்கி நிற்பது உண்மையில் பெண் இனம். புருஷன் டில்லியில் இருக்க, புல் அறுத்து, விறகு சுமந்து, மாடு கறந்து, வயல் கொத்தி, மாமனார் மாமியாரைப் பேணுகிறவள் அவள். பல தொழில் வாழ்க்கை என்று எதை நாம் புகழ்கிறோமோ அதை அவள் கூலியில்லாமல் நடத்தி வருகிறாள். 1974 மார்ச்சு 26-ந் தேதி ரேணி கிராமத்தில், நஷ்ட ஈடு தருவதாகச் சொல்லி ஆண்களையெல்லாம் சமோலிக்கு அழைத்துவிட்டு மரம் வெட்ட வந்தார்கள். கௌரா தேவியும் இருபதுக்கு மேற்பட்ட பெண்களுமே காட்டுக்குள் சென்று தடுத்தார்கள். காட்டைக் காத்தவர்களின் பேரில் வயல் இருந்ததா? நிலம் புருஷன் பேரில். அவனோ ஊரில் இல்லை. பட்டா இல்லாதவளுக்கு பாங்கியில் கடனில்லை. 2021-ல் உத்தராகண்ட சர்க்கார் சட்டத்தைத் திருத்தி, புருஷனுடைய பூர்வீக நிலத்தில் மனைவியையும் கூட்டு உரிமையாளராக்கியது. சட்டம் நன்று. ஆனால் பட்டாவில் பெயர் ஏறினாலன்றிச் சட்டம் வயலுக்கு வராது. ஊருக்கு ஊர் சென்று, எத்தனை பெண்களின் பெயர் ஏறியிருக்கிறது என்று கணக்கெடுப்பது அரசியல் தொண்டர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம். கம்பி வேலையையும் முதலில் கற்பிக்க வேண்டியது ஊரில் தங்கியிருக்கிற பெண்களுக்கே. அவர்கள் ஏற்கெனவே ஊரில் இருக்கிறார்கள், அழைத்து வரவேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: புல்லும் விறகும் தண்ணீரும் இன்னும் அவள் தலையிலேயே இருக்க, அதன்மேல் கம்ப்யூட்டரையும் ஏற்றிவிட்டு அதற்கு முன்னேற்றம் என்று பெயர் சூட்டலாகாது. தண்ணீர்க் குழாயும் அடுப்பு எரிவாயுவும் வீட்டுக்கு வந்த பிறகே மிச்ச நேரத்தைப் பற்றிப் பேச முடியும். அடுப்படியில் ஆண் மகன் கை வைப்பதும் குற்றமாகாது.

சர்க்காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையின் நடுவிலுள்ள கைர்சைணில் தலைநகர் அமைய வேண்டுமென்பது ராஜ்யக் கிளர்ச்சியின்போதே எழுந்த கோரிக்கை. 2020-ல் அதைக் கோடைகாலத் தலைநகரம் என்று பிரகடனம் செய்தார்கள். அங்கே சட்டசபைக் கட்டடம் எழும்பியிருக்கிறது. மந்திரிகள் சில நாள் வந்து கூட்டம் நடத்திவிட்டு டேராடூன் பள்ளத்தாக்குக்குத் திரும்பி விடுகிறார்கள். குளிர் அதிகம், வசதி போதாது என்று காரணம் சொல்லப்படுகிறது. அதே குளிரில் அதே வசதியின்மையில் பௌரிக் குடியானவன் மட்டும் ஊரை விட்டுப் போகாமலிருக்க வேண்டுமென்று அவர்கள் எப்படி உபதேசிக்கிறார்களோ நமக்குத் தெரியவில்லை. தெஹ்ரி நகரத்தை நீரில் மூழ்கடித்து எழுந்த அணை 1,000 மெகாவாட் மின்சாரம் தருகிறது; அது பல ராஜ்யங்களுக்குக் கம்பி வழியே இறங்கிப் போகிறது. கீழே இறங்கும் கம்பிக்குத் தடங்கலில்லை. மேலே ஏற வேண்டிய கம்பிக்குத்தான் எத்தனை தடங்கல்கள்! கிராமப் பஞ்சாயத்துகளுக்கெல்லாம் கண்ணாடி இழைக் கம்பி போடும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2011-ல் அங்கீகரித்தது. 2015-ல் அதற்குப் பாரத்நெட் என்று பெயரிட்டார்கள். பஞ்சாயத்துக் கட்டடத்தின் சுவர் வரை வந்து நின்றுவிடும் கம்பியால் குடியானவன் வீட்டுக்கு என்ன லாபம்?

கம்பியோடு நின்றாலும் போதாது. கமிஷன் அறிக்கையில் வேலைக்கு அடுத்தபடி வரும் காரணங்கள் படிப்பும் வைத்தியமும் என்பதை மேலே கண்டோம். நல்ல வருமானமுள்ள குடும்பமும், பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்த வருஷம் ஊரைக் காலி செய்கிறது. பிள்ளைகள் குறைந்தார்கள் என்று பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள். பள்ளிக்கூடம் மூடியதென்று மற்றப் பிள்ளைகளும் போகிறார்கள். பிரசவ வேதனைப்படுகிற பெண்ணை டோலியில் கிடத்தி நாலு பேர் தோளில் சுமந்து சாலைக்குக் கொண்டு வருகிற நிலைமை பல கிராமங்களில் இன்றும் இருக்கிறது. தோள் கொடுக்க அந்த நாலு ஆண் பிள்ளைகள் ஊரில் இருந்தால் அது அதிர்ஷ்டம். சாலை வேண்டுமென்று மலையைக் கண்டபடி வெடி வைத்துப் பிளந்தால் என்ன நேருமென்பதை எண்ணிப் பார்க்க, 2023 ஜனவரியில் ஜோஷிமடத்து வீடுகள் வெடித்துத் தாழ்ந்ததை மறக்காமலிருந்தால் போதும். நான்கு வழிச் சாலையை அக்கிராமத்தார் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வண்டி வந்து திரும்புமளவு ஒரு வழியும், அதன் முடிவில் ஒரு தாதியும், பத்துப் பிள்ளைகளானாலும் மூடாத ஒரு பள்ளிக்கூடமும், வீடு வரை வரும் ஒரு கம்பியுமே கேட்கிறார்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இந்நான்குக்கும் மலை ஜில்லாவாரியாக எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்பதை அல்மோரா, பௌரி அங்கத்தினர்கள் சட்டசபையில் எழுந்து கேட்க வேண்டும். கைர்சைணிலேயே, குளிர் காலத்திலேயே, அக்கூட்டம் நடக்குமானால் இன்னும் விசேஷம்.